ஹானியா துறைமுகத்தைக் கிழக்குக் கரையிலிருந்து பாருங்கள்

கேள்வி: மத்தியதரைக் கடலோரத்தில் பழைய நகரம், படகுத்துறை இரண்டையும் நடந்தே சுற்றிப் பார்க்க ஏற்ற ஊர் எது? எப்படிப் பார்ப்பது நல்லது?

என் பதில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள ஹானியா. பெரும்பாலானோர் மேற்குக் கரையில் வரிசையாக இருக்கும் உணவகங்களில் உட்கார்ந்து, எதிரே தெரியும் கலங்கரை விளக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படியே கிழக்கே நடந்துகொண்டே இருங்கள். கூட்டம் குறையக் குறையத்தான் இது ஒரு துறைமுகம் என்பதே உறைக்கும்.

அந்தப் பக்கம், ஒரு காலத்தில் இவ்வூரை ஆண்ட வெனிஸ்காரர்கள் கட்டிய கப்பல் பட்டறைகள் நிற்கின்றன. ஒட்டி ஒட்டி நிற்கும் நீளமான கல் கூடங்கள், மேலே வளைந்த கூரை. கப்பல்களை உள்ளே இழுத்துப் பழுது பார்த்த இடம் இது. அவற்றின் முன்னால்தான் இன்று உல்லாசப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. துறைமுகம் ஆழமில்லாதது, மணலும் சேரும். அதனால் பெரிய கப்பல்கள் பக்கத்திலுள்ள சூடா விரிகுடாவுக்குப் போய்விடுகின்றன. பழைய துறைமுகம் இடித்து விரிவாக்கப்படாமல் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் அலைதடுப்புச் சுவர் வழியாகக் கலங்கரை விளக்கம் வரை போங்கள். உள்ளே ஏற முடியாது, ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது அது. அடிப்பகுதிக்கு எட்டுப் பட்டை, நடுப்பகுதிக்குப் பதினாறு, உச்சி வட்டம். அடித்தளம் வெனிஸ் காலத்தது. மேலே உள்ளது 1830களில் கிரீட் எகிப்தின் கையில் இருந்தபோது எழுப்பியது. பள்ளிவாசல் மினார் போலத் தெரிவது அதனால்தான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் எதிரே ஃபிர்காஸ் கோட்டை. 1913 டிசம்பர் 1 அன்று, கிரீட் கிரேக்கத்தோடு இணைந்ததன் அடையாளமாகக் கொடி ஏற்றியது அங்கேதான். அதற்கு இடப்பக்கம் 1645க்குப் பிறகு ஒட்டோமான் துருக்கியர் கட்டிய பள்ளிவாசலின் குவிமாடம். ஊரை ஆண்ட வெனிஸ், ஒட்டோமான், எகிப்து மூன்றின் தடமும் ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் இது.

சந்துகளில் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, ஸ்ப்ளான்சியா சதுக்கத்தின் புனித நிக்கோலஸ் தேவாலயம். கட்டியது வெனிஸ்காரர்கள், பிறகு பள்ளிவாசல், இப்போது கிரேக்கத் தேவாலயம். மணிக்கூண்டும் மினாரும் ஒரே கட்டடத்தில் நிற்கின்றன. இன்னொன்று, எட்ஸ் ஹாயிம் யூத வழிபாட்டுத் தலம். 1944இல் நாஜிகள் இவ்வூர் யூதர்களை ஒட்டுமொத்தமாகப் பிடித்துத் தனாய்ஸ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். உள்ளே கைதிகள் இருப்பது தெரியாமல் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று அதை மூழ்கடித்தது. கப்பலில் இருந்த யூதர் யாரும் பிழைக்கவில்லை. பாழடைந்து கிடந்த அந்தக் கட்டடத்தைச் சீரமைத்து 1999இல் மீண்டும் திறந்தார்கள். சின்ன இடம்தான், அவசரமில்லாமல் போங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, காலையில் மிசித்ரா பாலாடைக்கட்டி வைத்த பூகாட்சா. மொறுமொறு மாவு, உள்ளே லேசான புளிப்பு, மேலே தூவிய சர்க்கரை. கூடவே காபி சொல்லிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். மே அல்லது செப்டம்பர் கடைசி நல்லது. வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வடகாற்று பலமாக அடிக்கும் நாளில் அலை அந்த அலைதடுப்புச் சுவரைத் தாண்டி விழும். அன்று மட்டும் கலங்கரை விளக்கம் பக்கம் போக வேண்டாம்.