திரும்பும் வழியில் ஆடும் டிரெய்லர்

கேள்வி: காரைக்குடியில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறோம். அண்டா, அடுப்பு, கிரைண்டர் முதலிய சாமான்களை ஜீப்பின் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரில் கொண்டு செல்வோம். புதுக்கோட்டைக்குப் போகும்போது ஒழுங்காக வரும் டிரெய்லர், திரும்பும்போது திருமயம் தாண்டி வேகமெடுத்தால் இடமும் வலமுமாக ஆடுகிறது. அதே சாமான், அதே ஓட்டுநர், காரணம் என்ன?
– வாசகர், காரைக்குடி

பதில்: சாமான் அதுவே என்றாலும், அதை அடுக்கிய வரிசை மாறியிருக்கும் என்றே தோன்றுகிறது. போகும்போது கனமான கிரைண்டரை முதலில் ஏற்றுவதால் அது முன்பக்கம் அமைந்துவிடுகிறது. பந்தி முடிந்து திரும்பும்போதோ, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் முதலில் ஏறிவிட, கடைசிவரை வேலை செய்த கிரைண்டரும் அடுப்புகளும் பின்கதவை ஒட்டி நிற்கின்றன. பாரம் சக்கர அச்சுக்குப் பின்னால் போனால், டிரெய்லரை ஜீப்போடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்கும் எடை குறைகிறது. அந்நிலையில் பக்கத்தில் விரையும் பேருந்தின் காற்றே ஆட்டத்தைத் தொடங்கி வைக்கப் போதும். மெதுவாகச் செல்கையில் தானே அடங்கும் அந்த ஆட்டம், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியபின் ஒவ்வொரு வீச்சிலும் பெருகிக்கொண்டே போகும். ஓட்டுநரைக் குறை சொல்லுமுன் சாமான் ஏற்றும் பையன்களிடம் பேசுங்கள்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்குவது நல்லது; சாமானுடன் 600 கிலோ என்றால் 60 முதல் 90 கிலோ. ஜீப் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவை அது மீறக்கூடாது. மீறினால் ஜீப்பின் முன்சக்கரங்களில் பாரம் குறைந்து ஸ்டீயரிங் பிடிமானம் தளரும். சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கொக்கி முனையை ஜீப்பில் மாட்டும் அதே உயரத்தில் எடை இயந்திரத்தின் மேல் நிறுத்தினால் கணக்கு தெரிந்துவிடும். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர் இருப்பதாகக் கொண்டால், 100 கிலோ கிரைண்டரை அரை மீட்டர் முன்னே தள்ளுவது மட்டுமே கொக்கியில் 20 கிலோவைக் கூட்டும். தள்ளிய இடத்திலேயே அது நிற்கும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், பாதி நிரம்பிய தண்ணீர் டிரம்மை ஏற்றாமல் காலி செய்துவிடுவதும் அவசியம்.

ஓடும்போது ஆடத் தொடங்கிவிட்டால், ஸ்டீயரிங்கை நேராக உறுதியாகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்புவதும், இழுத்து நேராக்கிவிடலாம் என்று வேகம் கூட்டுவதும் ஆபத்து; ஜீப்பின் பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் பின்னிருந்து தள்ளும் பாரம் ஜீப்பையே குறுக்கே திருப்பிவிடும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். வேகம் தணிந்ததும் ஓரமாக நிறுத்தி, கிரைண்டரை முன்னுக்கு மாற்றிய பிறகே புறப்படுங்கள்.

வரிசையைச் சரிசெய்தும் ஆட்டம் தொடர்ந்தால், டயர்களின் காற்றழுத்தத்தையும், கொக்கியிலும் சக்கர பேரிங்கிலும் தளர்வு உள்ளதா என்பதையும் மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்கவும்.