வார்த்தை மனதில் நிற்க என்ன வழி?

வேலூர் பக்கத்துப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் பதில் சொல்கிறார்.

குடியாத்தம், பிளஸ் டூ மாணவர்: சார், தினமும் டிக்‌ஷனரியைப் பார்த்து இருபது வார்த்தை மனப்பாடம் பண்றேன். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துடுது. எனக்கு ஞாபக சக்தி கம்மியா?

இல்லவே இல்லை தம்பி. திரும்பப் பார்க்காதது யாருக்கும் நிற்காது. ஜெர்மனிய உளவியல் அறிஞர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே இதை எழுதிவைத்தார். முதல் நாளிலேயே நிறைய நழுவிவிடும், அப்புறம் மறதி மெதுவாகும். அதனால் இருபதை ஏழாகக் குறைத்துக்கொள். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு, ஒரு மாதம் விட்டு என்று திரும்பப் பார். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, முன்பக்கம் வார்த்தை, பின்பக்கம் அர்த்தமும் ஒரு வாக்கியமும் எழுது. பின்பக்கத்தைத் திருப்பாமல் நீயாகச் சொல்லிப் பார்க்கணும். சும்மா வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், பரீட்சை ஹாலில் வராது. தவறிய அட்டையை நாளைக்கே எடு. சரியாகச் சொன்னதை இன்னும் தள்ளிப் பார்க்கலாம்.

வாலாஜா, இல்லத்தரசி: தமிழில் அர்த்தம் எழுதவே கூடாது என்கிறார்களே?

எழுதுங்கள் அம்மா. ஆரம்பத்தில் அதுதான் சீக்கிரம் பிடிபடும். கூடவே ஒரு ஆங்கில வாக்கியமும் இருந்தால் போதும்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: அப்பர், லைனிங், இன்சோல் எல்லாம் தண்ணிபட்ட பாடு. ஆனால் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயில் புரியவில்லை. கஷ்டமான வார்த்தை ஒன்றும் இல்லை, இருந்தும் அர்த்தம் பிடிபடமாட்டேங்குது.

உங்கள் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. 'மீட் தி டெட்லைன்' என்று எழுதியிருப்பார்கள். 'மீட்' என்றால் சந்திப்பது என்று மட்டும் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுவோம். கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்கள். 'ஹோல்ட் தி ஷிப்மென்ட்' என்றால் சரக்கைக் கையில் பிடிக்கச் சொல்லவில்லை, அனுப்பாமல் நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். 'ரன் ஷார்ட்' என்றால் ஸ்டாக் பற்றாக்குறை, ஓட்டம் அதில் எங்கேயும் இல்லை. சின்ன வார்த்தைக்குத்தான் அர்த்தம் அதிகம், அது எந்த வார்த்தையோடு சேர்கிறதோ அதற்குத் தக்கபடி மாறும். ஆகவே தனி வார்த்தையாக எழுதாதீர்கள், ஜோடியாக எழுதுங்கள். உங்களுக்கு வரும் மெயில்தான் உங்கள் பாடப்புத்தகம். ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வரும். அதை நோட்டில் குறித்துவைத்து, அடுத்த பதிலில் நீங்களே ஒரு தடவை பயன்படுத்திவிடுங்கள்.

வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், அதிகம் புழங்கும் சுமார் 2000 வார்த்தைகளை 1953-ல் பட்டியலாக வெளியிட்டார். சாதாரண எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்த அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். இந்த 2000-ஐ ஆழமாகத் தெரிந்துகொள்ளாமல் அரிய வார்த்தைக்குத் தாவுவது வீண் பாடு.

ஆற்காடு, ஒரு தகப்பனார்: பையன் தினமும் ஆங்கிலப் பேப்பர் படித்தால் வார்த்தை தானாக வருமா?

நம் ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை இது. அடிப்படை 2000 வார்த்தை மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஐந்து வார்த்தைக்கு ஒன்று தெரியாவிட்டால் ஊகிக்கவே முடியாது, பையன் பேப்பரை மடித்து வைத்துவிடுவான். ஐம்பதுக்கு ஒன்றுதான் புதுசு என்றால் ஊகம் வேலை செய்யும். செய்தித்தாளை அப்படிப் படிக்க 8000, 9000 வார்த்தைக் குடும்பங்கள் (ஒரு மூல வார்த்தையும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்பது நியூசிலாந்து மொழியியல் அறிஞர் பால் நேஷனின் கணக்கு. இப்போதைக்கு அவன் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள கதைப் புத்தகம் கொடுங்கள். நிறைய படிக்கட்டும். சுலபமாக இருக்கிறதே என்று பிடுங்கிவிடாதீர்கள்.

வேலூர், நர்சிங் மாணவி: மருத்துவ வார்த்தைகள் மலை மாதிரி இருக்கு சார்.

வார்த்தையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிம்மா. 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி: டான்சிலைடிஸ், காஸ்ட்ரைடிஸ். 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. 'ஹைப்பர்' கூடுதல், 'ஹைப்போ' குறைவு. இந்த இரண்டையும் வாய்விட்டுப் பழகு. ஹைப்பர்டென்ஷன் (ரத்த அழுத்தம் கூடுதல்), ஹைப்போடென்ஷன் (ரத்த அழுத்தம் குறைவு) காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் கேட்கும், வார்டில் மாறிப்போனால் ஆபத்து. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் புத்தக வார்த்தையில் பேசமாட்டார்கள். 'ஸ்வெல்லிங்' (வீக்கம்), 'பர்னிங்' (எரிச்சல்), 'நம்ப்' (மரத்துப்போதல்), 'டிஸி' (தலைசுற்றல்) என்பார்கள். அதற்குத் தனியாக ஒரு நோட்டுப் போடு.