பொம்மையின் கண்ணை நூலால் தையுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமியார் காலமாகி ஓராண்டு ஆகிறது. அவர் உடுத்திய நூல் புடவைகள் சில பெட்டியில் இருக்கின்றன. ஒன்றரை வயதாகும் என் மகளுக்கு அவற்றிலிருந்து ஒரு பொம்மை தைத்துத் தர ஆசைப்படுகிறேன். பழைய துணி தாங்குமா? கண்ணுக்குக் கறுப்புப் பொத்தான் வைக்கலாமா?
– வாசகி, இராயபுரம்

பதில்: தாங்கும். ஆனால் ஒரு புடவை முழுவதும் ஒரே வலுவோடு இருக்காது. முந்தானையும் தோளில் படிந்த இடமும் நைந்துபோயிருக்கலாம்; இடுப்பில் உட்சுற்றாக வரும் பகுதி பெரும்பாலும் உறுதியாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரு கைகளாலும் சற்றே இழுத்துப் பார்த்து, இழை விலகும் இடங்களை ஒதுக்கிவிடுங்கள். பல ஆண்டுகள் துவைத்து இளகிய நூல் துணி, குழந்தையின் கன்னத்துக்கும் வாய்க்கும் புதுத்துணியைவிட இதமானது. இனிமேல் சுருங்கவும் சுருங்காது. மெல்லியதாக இருந்தால் உள்ளே காடாத் துணியை ஓர் அடுக்காக வைத்து இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். காடாவை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் கேட்டால் மீட்டர் கணக்கில் தருவார்கள். அது கஞ்சியோடு வருவதாலும் முதல் துவைப்பில் சுருங்குவதாலும், ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். புடவை அரக்கு, கருநீலம் போன்ற அடர்நிறமாக இருந்தால், நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைப் பொம்மைக்கு எடுக்காதீர்கள். குழந்தை வாயில் வைத்துச் சப்பும்.

பொம்மையின் நீளம், புடவையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் போக்கிலேயே அமையட்டும். மூலைவாட்டில் வெட்டினால், பஞ்சு அடைத்ததும் கழுத்தும் கைகளும் இழுபட்டுக் கோணிவிடும். ஓரத்தில் கால் அங்குலம் விட்டு, ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல் போடுங்கள்; மிஷினில் தைத்தால் தையலைப் பொடியாக வைத்து, அதே கோட்டில் இரண்டு முறை ஓட்டுங்கள். அக்குளிலும் கழுத்து வளைவிலும், தையலை வெட்டிவிடாமல் அதன் அருகுவரை சின்னச் சின்னதாகக் கத்தரித்த பிறகே துணியைப் புறம் திருப்ப வேண்டும்.

பொத்தான் வேண்டவே வேண்டாம். இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடும் எந்தச் சிறு பொருளும் 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருக்கக் கூடாது, அதிலிருந்து கழன்று வரவும் கூடாது. தொண்டையை அடைத்துவிடும் என்பதே காரணம். சட்டைப் பொத்தான், மணி, சம்கி எல்லாமே அந்த அளவுக்குள் அடங்குபவை. எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் பல் முளைத்த குழந்தை கடித்து இழுக்கும்போது நூல் அறும். கண்ணையும் வாயையும் எம்ப்ராய்டரி நூலால் தைத்துவிடுங்கள். முகத்துக்குப் பஞ்சு அடைக்கும் முன்பே இதைச் செய்தால் முடிச்சுகள் உட்புறத்தில் மறைந்துவிடும். கூந்தலுக்கு நீளமான உல்லன் நூலைத் தொங்கவிடாமல், தலையோடு தலையாகத் தைத்துவிடுவது நல்லது. வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தையும் இருந்தால், அது உறங்கும் தூளியில் இந்தப் பொம்மையைப் போடாதீர்கள். மிருதுவான பொருள் முகத்தில் அழுந்தினால் மூச்சு முட்டும்.

கேள்வி: இலவம் பஞ்சு அடைத்துத் தைத்த பொம்மை, மழைக்காலத்தில் புழுக்க வாடை அடிக்கிறது. துவைத்தால் உள்ளே கட்டி கட்டியாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இலவம் பஞ்சின் இழை உள்ளீடற்றது; மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால் எளிதில் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் துவைத்துப் பிழியும்போது இழைகள் நொறுங்கித் திரண்டுகொள்கின்றன. நடுவில் தங்கிய ஈரமும், கடலோரக் காற்றும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையும் சேரும்போது, சீக்கிரம் உலர வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். முதுகுத் தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, உறையை மட்டும் சோப்பு நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். வாடையடித்த பஞ்சை மறுபடி அடைக்க வேண்டாம். குழந்தை நாள்தோறும் புழங்கும் பொம்மைக்குப் பாலியஸ்டர் பஞ்சுதான் என் தேர்வு. துவைக்கலாம், விரைவில் உலரும். தையல்கடை வெட்டுத்துணியைப் பொடியாக நறுக்கி அடைப்பதும் சரிதான், ஆனால் பொம்மை கனக்கும், காய நேரமாகும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் இலவம் பஞ்சைத் தவிர்த்துவிடுங்கள். அதன் தூசு, நெருக்கமில்லாத துணியின் வழியே வெளியே வரும்.

கேள்வி: என் ஆறு வயது மகன், நான் பொம்மை தைக்கும்போது தானும் தைக்க வேண்டும் என்று அருகில் வந்து உட்காருகிறான். ஆண்பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று என் மாமனார் கடிந்துகொள்கிறார்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: காசிமேட்டில் கிழிந்த வலையைக் கையால் பின்னிச் சரிசெய்பவர்கள் ஆண்கள், உங்கள் தெருத் தையல்கடையிலும் மிஷினில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆண்தான். இதை மாமனாரிடம் எதிர்வாதமாகச் சொல்லாமல், அவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, பேரன் கையால் ஒரு சிறு பொம்மை தைக்கச் செய்யுங்கள். தாத்தாவின் வேட்டியில் பேரன் தைத்ததை அவர் தள்ளிவைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பையனுக்கு முனை மழுங்கிய பெரிய காதுள்ள ஊசியும் முழ நீள நூலும் போதும். நூல் நீண்டால் சிக்கிக்கொண்டு பொறுமை போய்விடும். முதலில் ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டும் ஓட்டுத்தையல் மட்டும் பழகட்டும். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் தையலும் நடக்கும் வீடுகளில் ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணி எடுத்து எண்ணி வைப்பது அவசியம்.

கேள்வி: துணிப் பொம்மைகளைத் தைத்து விற்க அனுமதி வேண்டுமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அவர்களுக்குப் ‘பெஹ்சான்’ என்ற அடையாள அட்டை வழங்கப்படுகிறது. முதல் பொம்மையை விற்பதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.