நாங்கள் பிபிசி பார்ப்பதே இல்லை. லண்டனில் எல்லா வீடும் ரி.வி. லைசன்ஸ் கட்டத்தான் வேண்டுமா?

பதில் எழுதும் எண்ணம் இருக்கவில்லை. ஆனால் "நாங்கள் தமிழ்ச் சனல் மட்டும்தான், அதுவும் இன்ரநெற் பெட்டியில்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டியால் என் அம்மா ஒரு மாதம் நித்திரை இல்லாமல் இருந்தவ. அதனால் எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரி.வி. லைசன்ஸ் என்பது ரி.வி. பார்க்கிற வீடு வருடாவருடம் கட்டும் காசு, பிபிசி பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. பிபிசி பார்க்கிறீர்களா இல்லையா என்பதில் ஒன்றும் இல்லை. எந்த நாட்டுச் சனல் என்றாலும், ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தால் லைசன்ஸ் வேண்டும். சென்னையில் இருந்து வரும் நாடகத்துக்கும் வேண்டும், அதைப் போனில் பார்த்தாலும் வேண்டும். 2016 செப்டம்பரில் இருந்து ஐபிளேயரில், அதுதான் பிபிசி நிகழ்ச்சிகளை இன்ரநெற்றில் பார்க்கும் இடம், எதைப் பார்த்தாலும் வேண்டும். யூடியூப்பில் யாரோ ஏற்றி வைத்த வீடியோவுக்கும் பழைய படத்துக்கும் தேவையில்லை. ஆக, எல்லா வீடும் கட்ட வேண்டியதில்லை. உங்கள் வீடு கட்ட வேண்டும். கோபிக்க வேண்டாம்.

அம்மா ஹரோவில் ஓர் அறை ஃபிளாட்டில் தனிய இருக்கிறா. 75 வயதானபோது லைசன்ஸ் இலவசமாக வந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சலுகை அது. 2020 ஆகஸ்டில் அதை வெட்டி, 75 தாண்டியவர்களில் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிக் காசு) எடுப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். கடிதம் போட்டிருக்கிறார்கள், ஒன்றல்ல, ஆறு. அம்மா அரசாங்கக் கடிதம் எதையும் எறியமாட்டா, திறக்கவும் மாட்டா. ஆறும் பிஸ்கட் பேணிக்குள், பாஸ்போர்ட்டுக்குக் கீழே, பத்திரமாக இருந்தன.

நான் எங்கே போனேன் என்று கேட்பீர்கள். நான்தான் பெட்டி வாங்கிக் கொடுத்தவன். கடைக்காரர் (பெயர் வேண்டாம், இன்னமும் அந்தப் பக்கம்தான் மரக்கறி வாங்குகிறேன்) "இது இன்ரநெற்றில வாறது அண்ணை, லைசன்ஸ் ஒண்டும் தேவையில்லை" என்றார். கணக்காளர் வேலை பார்க்கிறவன் நான், ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாம். தேடவில்லை. அவர் சொன்னதை நம்பினால் காசு மிச்சம், அதனால் நம்பினேன்.

2022இல் ஒரு நாள் மத்தியானம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் கதவைத் தட்டியிருக்கிறார். அவர் சொன்னதில் அம்மாவுக்குப் பிடிபட்டது லைசன்ஸ் என்ற ஒரு சொல்தான். உள்ளே போய்ப் பேணியோடு வந்து, பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறா. அவர் தலையை ஆட்ட, பஸ் பாஸ். அதற்கும் அவர் தலையை ஆட்ட, என்ன நினைத்தாவோ, ஊரில் இருந்து கொண்டுவந்த பழைய அடையாள அட்டை. அந்த மனிதர் நல்லவர், தன்மையாகக் கதைத்து ஒரு துண்டுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரில் பிழை இல்லை. வாசலில் அட்டையோடு ஓர் ஆள் நின்றால் என்ன செய்வது என்பதை அம்மா பழகியது லண்டனில் இல்லை, அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் போன் எடுத்தா. "தம்பி, என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ?" இருபது வருடமாகப் பிரிட்டிஷ் பிரசை.

அதற்குப் பிறகுதான் பேணியைத் திறந்து எல்லாக் கடிதத்தையும் வாசித்தேன். வாசித்தபோதுதான் விளங்கியது, அம்மா பென்ஷன் கிரெடிட்டுக்கே விண்ணப்பித்ததில்லை. தகுதி எத்தனையோ வருடமாக இருந்திருக்கிறது. போனில் விண்ணப்பித்தோம், கிடைத்தது, லைசன்ஸும் மறுபடி இலவசமாக வந்தது. ஆனால் பின்தேதியிட்டு மூன்று மாதக் காசுதான் தருவார்கள். போன வருடங்களின் காசு போனதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கனடாவில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து "அம்மா, நாடகம் பாருங்கோ, பொழுது போகும்" என்பார். பெட்டி யார் வாங்கியது, சந்தா யார் கட்டுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கதவைத் தட்டிய கதையைச் சொன்னதும் "நீ பக்கத்தில இருந்தும் கவனிக்கேல்லையே" என்றார். அதை விடுவோம்.

என் வீட்டுக்கு நான் முழுக்காசும் கட்டுகிறேன், மனமில்லாமல் அல்ல. ஏன் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. இரவு 9.15க்குத் தமிழோசை, பிபிசியின் தமிழ் வானொலி. அதற்காக சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்திருப்போம். சுற்றுகிறவன் நான். ஒழுங்கைச் சனம் முழுக்க விறாந்தையில் இருக்கும். எனக்குக் கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும், உடனே இருட்டுக்குள் இருந்து "பெடியா, சுத்து" என்று சத்தம் வரும். ஊர்ச் செய்தியை நாங்கள் லண்டனில் இருந்துதான் கேட்டோம். அதற்கு எங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை.

தெரியும், கீழே வந்து எழுத வேண்டாம்: அந்தக் காலத்தில் தமிழோசையை நடத்திய பிபிசி உலக சேவைக்குச் செலவழித்தது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சு, லைசன்ஸ் பணம் இல்லை. 2014இல்தான் அது லைசன்ஸ் பணத்துக்கு மாறியது. இப்போது நான் கட்டும் காசில் தமிழோசை போகிறது என்று மூன்று வருடம் பெருமைப்பட்டேன். 1941இல் தொடங்கிய வானொலியை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இணையத்தளம் இருக்கிறது. அம்மாவுக்கு அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

கட்டச் சொல்கிறேன் என்பதற்காக இந்த முறையை நியாயப்படுத்துகிறேன் என்று எடுக்கவேண்டாம். 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுண்ஸ் ஆக்கினார்கள். மாளிகைக்கும் அதே காசு, பென்ஷன் கிரெடிட் எல்லையை ஐந்து பவுண்ஸால் தாண்டிவிட்ட கிழவிக்கும் அதே காசு. (கறுப்பு வெள்ளை ரி.வி. என்றால் 58.50 தான் என்று சொன்னபோது "நிறத்தைக் குறைச்சு வைச்சாக் காணாதோ?" என்று அம்மா கேட்டா.) கட்டாவிட்டால் அது குற்ற வழக்கு, 1000 பவுண்ஸ் வரை தண்டம். தண்டனை பெறுகிறவர்களில் நாலில் மூன்று பேர் அளவில் பெண்கள், பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறப்பது அவர்கள்தானே. கரண்ட் பில் கட்டாதவரைக் குற்றவாளி என்பதில்லை, இதற்கு மட்டும் ஏன்?

ஜெர்மனியில் பெரியம்மாவின் மகன் வீட்டில் ரி.வி.யே இல்லை, இருந்தும் மாதம் 18.36 யூரோ கட்டுகிறான். 2013இல் இருந்து அங்கே வீட்டுக்கு வீடு கட்டாயம். கலியாண வீடுகளில் அதைச் சொல்லித் திட்டுவான். ஆனால் ரி.வி. இருக்கிறதா என்று பார்க்க அவன் கதவை யாரும் தட்டுவதில்லை. அது நல்லதா இது நல்லதா என்றால் எனக்கு அது நல்லது. பிபிசி எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லும் சாசனம் 2027 டிசம்பரோடு முடிகிறது, அதற்குள் ஏதாவது மாற்றினால் சரி.

உங்கள் வீட்டில் ஓய்வூதிய வயதில் யாராவது இருந்தால், லைசன்ஸை விடுங்கள், முதலில் பென்ஷன் கிரெடிட்டுக்குப் போன் எடுங்கள். பிஸ்கட் பேணி இருந்தால் அதையும் ஒருக்கால் திறந்து பாருங்கள்.

அண்ணா, இதை வாசித்தால்: பெட்டிச் சந்தா வருகிற மாதம் முடிகிறது.