சீக்கிரம் மாற்றம் வர மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: நான் திருநங்கை, வயது 23. மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி தினமும் இரண்டு போடுகிறேன். மார்பு வளர்ச்சி போதவில்லை. மூன்றாக்கலாமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கூட்டாதீர்கள், இரண்டும் வேண்டாம். கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். கல்லீரலில் எளிதில் சிதையாது, ரத்தம் உறையும் அபாயத்தை ஏற்றும். புகைப்பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

டாக்டர்கள் தருவது உடலில் இயல்பாகச் சுரக்கும் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடையால். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கொருமுறை ரத்தப் பரிசோதனை: எஸ்ட்ராடையால் மில்லிலிட்டருக்கு 100-200 பிகோகிராம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். எஸ்ட்ராடையாலை அதற்கு மேல் ஏற்றினாலும் மார்பு வேகமாக வளராது. 3-6 மாதத்தில் தொடங்கி, முழுமையாக 2-3 ஆண்டாகும்.

கூடவே ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எழுதினால், அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றலாம் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். அந்த மாத்திரை சிறுநீரை அதிகம் பிரிக்கும். நம்மூர் வெயிலில் தண்ணீர் குறைந்தால் தலைசுற்றும். தாகத்துக்கு இளநீராகக் குடிக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம்!

குரல் மட்டும் ஹார்மோனால் மாறாது, பயிற்சிதான் வழி. பின்னாளில் குழந்தை ஆசை உண்டென்றால், ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குமுன்பே விந்தணு சேமிப்பு பற்றி டாக்டரிடம் பேசுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே திருநர்களுக்கான சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. இப்போது போடும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.