முதல் மடக்குக் கத்தி: அலகுக்கு முன்னால் லைனரைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். டிரில்லிங் மெஷினும் பெல்ட் கிரைண்டரும் உண்டு. முதன்முறையாக லைனர் லாக் மடக்குக் கத்தி ஒன்று செய்ய விரும்புகிறேன். அலகுக்கு டி2 எஃகு வாங்கலாமா?

பதில்: அலகைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் லைனரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பூட்டை இன்றைய வடிவத்துக்குச் செம்மைப்படுத்தியவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர்; 1980-களின் தொடக்கத்தில் அதைச் செய்தார். லைனர் என்பது பிடியின் உட்பக்கத் தகடு. அதிலேயே நீளவாக்கில் ஒரு நாக்கை அறுத்து உள்நோக்கி வளைத்திருப்பார்கள். கத்தி விரிந்ததும் அந்த நாக்கு அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து முட்டி நிற்கும். அது நழுவினால் அலகு விரல்மேல் மடங்கும். ஆகவே செலவை முதலில் லைனருக்கு ஒதுக்குங்கள்.

1.5 மி.மீ. கனமுள்ள கிரேடு 5 டைட்டானியம் வாங்குங்கள். கிரேடு எண்ணைக் குறிப்பிட்டே கேளுங்கள். கிரேடு 2 கைக்கு வந்துவிட்டால் வீண். கிரேடு 2 சுமார் 275 மெகாபாஸ்கல் தகைவிலேயே (உள்ளே எழும் அழுத்தம்) நிரந்தரமாக வளையத் தொடங்கும்; கிரேடு 5 சுமார் 830 வரை தாங்கிப் பழைய நிலைக்கு மீளும். டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், ஒரே அளவு வளைத்தாலும் அதற்குள் எழும் தகைவு குறைவு. சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் தகடு இந்த வேலைக்கு ஆகாது. வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். டைட்டானியம் எட்டாவிட்டால், ஸ்பிரிங் செய்யப் பயன்படும் கடினமான 301 தகட்டை 1.2 மி.மீ. கனத்தில் தேடுங்கள்.

இனி அலகு. டி2 நல்ல எஃகுதான். ஆனால் அதைப் பதப்படுத்த 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் துல்லியமான உலை வேண்டும். முதல் கத்திக்கு ஓ.எச்.என்.எஸ். எஃகு போதும், வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் ஓ1 என்று சொல்வது இதைத்தான். சுமார் 800 டிகிரியில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, 200 டிகிரியில் மீண்டும் சூடாக்கி டெம்பர் செய்தால் 60 ராக்வெல் அளவுக்குக் கடினமாகும். டை, பஞ்ச் வேலைக்கு ஹார்டனிங் செய்யும் கடைகளுக்கு இது பழகிய எஃகு, அங்கேயே கொடுத்துவிடுங்கள். துரு பிடிக்கும் குணம் உண்டு. பழம் நறுக்கியதும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும்.

கொடுப்பதற்கு முன் அலகின் எல்லாத் துளைகளையும் போட்டுவிடுங்கள். மூடிய கத்தி தானாகத் திறந்துவிடாமல் இருக்க, நாக்கில் 1.6 மி.மீ. பேரிங் குண்டு ஒன்றை இறுக்கிப் பொருத்துவோம். அலகில் அந்தக் குண்டு வந்து உட்காரும் சிறு குழியும் இதில் அடக்கம். கடினமான பிறகு சாதாரண டிரில் பிட் அங்கே ஏறாது. வெட்டு விளிம்பை அரை மி.மீ. தடிப்பில் விட்டுவையுங்கள், மெலிதாக்கிக் கொடுத்தால் எண்ணெயில் தோய்க்கும்போது நெளிந்துவிடும்.

கடினமான அலகோடு உரசும்போது தேய்வது டைட்டானிய நாக்குதான். தேயத் தேய அது அலகின் அடியில் மறுபக்கமாக நகரும். எனவே புதுக் கத்தியில் அடிப்பகுதியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நாக்கு பிடித்தால் போதும். அலகின் அடியில் நாக்கு முட்டும் முகத்தின் சரிவு 8 டிகிரி அளவில் இருக்கட்டும். கூடினால் நழுவும், மிகக் குறைந்தால் ஒட்டிக்கொள்ளும்.

பிடிக்கு, பிசினில் துணி அடுக்கிய ஹைலம் ஷீட்டை 3 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். ஈரத்தில் உப்பாது, விலையும் குறைவு. மரமும் கொம்பும் அடுத்த கத்திக்கு இருக்கட்டும். ஹைலத்தைத் தேய்க்கும்போது சுவாசக் கவசம் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

அலகின் இருபுறமும் வரும் வாஷருக்கு 0.4 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் தகடு. இரண்டு லைனர்களுக்கும் நடுவே வரும் ஸ்பேசரைக் கடைசியில் வெட்டுங்கள். 3 மி.மீ. தகட்டில் செய்த அலகு, ஹார்டனிங் முடிந்து கருந்தோலைத் தேய்த்தெடுத்த பின் 2.9-ஆக நிற்கலாம். அதோடு இரண்டு வாஷரின் 0.8 சேர்ந்தால் 3.7. ஸ்பேசர் அதைவிடக் கனமானால் அலகு ஆடும், மெலிந்தால் இறுகும். மைக்ரோமீட்டரில் அளந்து, 4 மி.மீ. ஹைலம் துண்டை அந்த அளவுக்குத் தேய்த்துக் கொண்டுவாருங்கள்.