பராமரிப்புக்காக எரிவாயுவை வெளியேற்றுதல்: கேள்வி பதில்

வழுதூர் வாசகர்: ஐயா, குழாயைப் பழுதுபார்க்க அதிலுள்ள வாயு முழுவதையும் வெளியேற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட இராமநாதபுரம்–தூத்துக்குடி குழாய் 143 கிலோமீட்டர் நீளமுடையது; இத்தகைய குழாய்களில் இடையிடையே வால்வுகள் உண்டு. வேலை நடக்கும் பகுதியின் இரு முனைகளிலும் வால்வை அடைத்துப் பூட்டிவிட்டு, இடைப்பட்ட வாயுவை மட்டும் உயரமான வெண்ட் குழாய் வழியே விடுவார்கள். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனின் அடர்த்தி காற்றினுடையதில் பாதியைவிடச் சற்றே கூடுதல் என்பதால் அது மேலெழுந்து கலைந்துவிடும். அப்போது எழும் பேரிரைச்சலைக் கேட்டு ஊரார் அஞ்சுவது இயல்பு. என் கணிப்பில், கூடுதல் கவனம் தேவைப்படுவது இரைச்சல் அடங்கிய பிறகுதான்.

உச்சிப்புளி வாசகர்: அழுத்தமானி பூஜ்யம் காட்டினால் குழாயை வெட்டலாம் அல்லவா?

பதில்: கூடாது. உள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு இறங்கிவிட்டது என்பதை மட்டுமே பூஜ்யம் சொல்கிறது. குழாய் நிறைய மீத்தேன் அப்படியே இருக்கும். காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் மீத்தேன் தீப்பற்றும் என்பதால், வெட்டிய வாய் வழியே காற்று நுழையத் தொடங்கும் அந்த நேரமே மிகவும் ஆபத்தானது. ஆகவே நைட்ரஜனைச் செலுத்தி மீத்தேனை வெளியே தள்ளிவிட்டு, கருவியால் அளந்து பார்த்த பின்னரே வெட்ட வேண்டும். அந்தக் கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு: வாயுவைச் சிறிதளவு எரித்து அளக்கும் வினையூக்கி வகைக் கருவி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜன் நிரம்பிய குழாயில் அது வாயுவைக் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும். அங்கே அகச்சிவப்பு வகைக் கருவியே ஏற்றது. நைட்ரஜன் தேங்கிய குழிக்குள் இறங்குபவர் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மயங்கி விழக்கூடும் என்பதால், ஆக்சிஜன் அளவையும் தனியே பார்க்க வேண்டும்.

கீழக்கரை வாசகர்: வாடை ஏதும் வராவிட்டால் கசிவு இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: முடியாது. இயற்கை எரிவாயுவுக்கு மணமில்லை. வீட்டு இணைப்புகளுக்கு வரும் வாயுவில்தான் மணமூட்டி சேர்க்கிறார்கள். நெடுந்தொலைவுக் குழாய்களில் பெரும்பாலும் அது இராது.

தேவிபட்டினம் வாசகர்: எந்த நேரத்தில் வெளியேற்றுவது நல்லது?

பதில்: காற்று சீராக வீசும் பகற்பொழுதில். நிலக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழும் முற்பகலில் நம் கரையோரத்தில் திசை மாறிவிடுவதால், அந்த மாற்றம் முடியும்வரை பொறுப்பது நல்லது. ஐப்பசியில் இடி மின்னல் தென்பட்டால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும். வெண்ட் குழாயின் முனையில் மின்னலே தீமூட்டிவிடும்.

தொண்டி வாசகர்: இவ்வளவு வாயுவை வீணாக்குவதைவிட எரித்துவிடலாமே?

பதில்: எரிப்பது மேல்தான். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆயினும் நடமாடும் கம்ப்ரசரைக் கொண்டு வாயுவை அடுத்த பகுதிக்கு ஏற்றிவிட்டு, எஞ்சியதை மட்டும் எரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். கூடுதலாகும் நேரத்துக்கு ஈடாக வாயு மிஞ்சும்.